ஆற்றோரப் பூங்காவில் நான் பிடுங்கிய குடை

புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடியின் குடையைப் பிடுங்கி நான் மகாவலி ஆற்றில் எறிந்தேன். கைதவறி விழுந்தது என்று வெகுநாள் சொல்லிவந்தேன். பொய். எறிந்தேன்.

கட்டுகஸ்தோட்டையில் எங்கள் லேனில் இரண்டு வீட்டுக்கு ஒரு சுவர். பக்கத்து வீட்டில் மிளகாய் தாளித்தால் நாங்கள் தும்முவோம். காலாற உட்கார இருப்பது ஆற்றோரத்தில் உள்ளங்கையளவு பூங்கா ஒன்றுதான். ஓய்வுபெற்ற ஆசிரியரான நான், அதன் ஒழுக்கத்துக்கு என்னை நானே அதிபராக நியமித்துக்கொண்டேன். (சம்பளமில்லாத உத்தியோகம், அதனால்தான் அவ்வளவு உற்சாகம்.)

அன்று வெயிலுமில்லை, மழையுமில்லை. ஆனால் அங்கே உட்காரப் போட்டிருந்த வாங்கில் ஒரு குடை விரிந்திருந்தது. கீழே நான்கு கால்கள். கண்டியில் ஜோடிகள் முகம் மறைக்கத்தான் இப்படிக் குடை விரிப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? ரத்தம் கொதித்தது.

"இதெல்லாம் வீட்டுல வச்சுக்க முடியாதா?"

குடை ஆற்றோடு போனது. வாங்கில் இருந்தவர்கள் எங்கள் லேன் செல்வமும், அவன் மனைவி ரேகாவும்.

"வீட்டுல எங்க சார்? ஒரே ரூம்ல மாமா, மாமி, கொழுந்தன், நாத்தனார். ரெண்டு வார்த்த பேசக்கூட இங்கதான் வர்றோம்" என்று அழுதாள் ரேகா.

"எங்க கல்யாணத்துல கறி இன்னும் போடுன்னு கேட்டு வாங்குனீங்களே சார். அப்ப எங்க மூஞ்சியப் பாக்கலயா?" என்றான் செல்வம்.

பூங்காவே சிரித்தது. மறுநாள் காலை ரேகா மடுல்கெல்லையிலுள்ள தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். தனி இடம் பார்க்காமல் திரும்பமாட்டாளாம். செல்வத்தின் வருமானத்துக்கு இந்த ஊரில் ஒரு கோழிக்கூடுகூட வாடகைக்குக் கிடைக்காது.

புதுக் குடை ஒன்று வாங்கிக்கொண்டு, என் மனைவியோடு பஸ் ஏறினேன். ரேகாவிடம் மன்னிப்புக் கேட்டுக் குடையை நீட்டினேன்.

"இத வச்சு நான் என்ன சார் செய்ய? ஊரே எங்களப் பாத்துச் சிரிக்குது. இனி அந்த வாங்குல போய் உக்காருவேனா?"

நீட்டிய குடையை நான் இழுத்துக்கொண்டேன். என் மனைவி முந்திக்கொண்டாள்.

"அந்திக்கு எங்க வீட்ட எடுத்துக்கங்க புள்ள. நாங்க வெளிய போயிர்றோம்."

(என்னைக் கேட்கவே இல்லை!)

ரேகா திரும்பி வந்தாள். அன்றுமுதல் தினமும் அந்தியில் சாவியை அவர்களிடம் கொடுத்துவிட்டு நாங்கள் பூங்காவுக்குப் போகிறோம். மகள் போனில் "அப்பா, வீட்டுலயா குடைக்குள்ளயா?" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறாள்.

நேற்றுத் தூறல். அதே வாங்கில், அந்தப் புதுக் குடைக்குள் இருவரும் ஒடுங்கியிருந்தோம். வேகநடை போன ஒருவர் நின்று குனிந்து பார்த்தார்.

"பெருசு, இந்த வயசுலயுமா? வீட்டுல வச்சுக்கக் கூடாதா?"

ரத்தம் கொதிக்க எழப்போனேன். என் மனைவி என் கையைப் பிடித்து உட்காரவைத்து, குடையை இன்னும் கொஞ்சம் தாழ்த்தினாள்.