அடையாளம் இல்லாத கவர்

“கவரிலை என்ன இது?”

தில்லையம்பலத்தின் சத்தம் சாமி அறையிலிருந்து சமையலறை வரைக்கும் கேட்டது. சாமி அறை என்றால் வேறொன்றுமில்லை, மாடிப்படிக்குக் கீழே, கரண்ட் மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் அலுமாரி. குனிந்து உள்ளே போனவர், அவசரத்தில் நிமிர்ந்து தலையை இடித்துக்கொண்டு வெளியே வந்தார். கையில் ஒரு மண்ணிறக் கவர். அதன் நடுவில், கவுன்சில் கொடுத்த வெள்ளை லேபிளுக்கு மேலே, ஐம்பது பென்ஸ் நாணயக்குற்றி அளவில் சந்தனம். சந்தனத்தின் நடுவில் குங்குமம்.

“பொட்டு,” என்றாள் மனைவி தவமலர், புட்டுப் பானையிலிருந்து கண்ணை எடுக்காமல். “வெள்ளிக்கிழமை ஈலிங் அம்மன் கோயிலுக்குக் கொண்டுபோனனான். ஐயர் கையிலை வாங்கி, ‘இதுவுமோ?’ எண்டு கேட்டுப்போட்டு, வடிவா அருச்சனை செய்து தந்தவர்.”

“அருச்சனையோ? ஆற்றை பேருக்கு?”

“உங்கடை பேருக்குத்தான். பின்னை, கவுன்சில்காரன்ரை பேருக்கே செய்யிறது?”

தில்லையம்பலம் கதிரையில் பொத்தென்று விழுந்தார். சுவர் மணிக்கூட்டில் ஒன்பது பத்து. பன்னிரண்டு மணிக்குக் கவுன்சிலில் டெண்டர் பெட்டியைப் பூட்டிவிடுவார்கள்.

டூட்டிங்கில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேலே இருந்தது வாடகைக்குக் கார் விடும் அவருடைய மினிகாப் கந்தோர். ஏழு கார், ஒரு வான். ஸ்டேஷன் வாசலில் பெரிய கொம்பனி ஒன்று வந்து குந்திய நாளிலிருந்து, அவருடைய டெலிபோன் அடித்தால் பாதி அழைப்பு கீழ்க்கடையில் கொத்துரொட்டி கேட்பவர்களுடையது. இப்படியே போனால் கிறிஸ்மஸுக்குள் கந்தோரைப் பூட்டிவிட்டு, ஒன்பது வருடம் நின்ற பெற்றோல் ஷெட்டுக்கே திரும்பவேண்டியதுதான். ஷெட் முதலாளி போன மாதம் சந்தையில் கண்டு, “உன்ரை ஜக்கெற் இன்னும் ஆணியிலைதான் தொங்குது, தம்பி,” என்று சொல்லிச் சிரித்திருந்தான். அந்தச் சிரிப்பை நினைத்தால் தில்லையம்பலத்துக்குச் சாப்பாடு இறங்காது.

அந்த நேரத்தில்தான், தொண்ணூற்றாறாம் ஆண்டு வைகாசியில், நூல்நிலையத்தில் உள்ளூர்ப் பேப்பரின் கடைசிப் பக்கத்தில் அந்தச் சிறிய விளம்பரத்தைக் கண்டார். கவுன்சிலின் விசேட பாடசாலைப் பிள்ளைகளைக் காலையில் ஏற்றி இறக்கி, பின்னேரம் வீட்டில் விட டாக்ஸிக்காரர் தேவை. மூன்று வருட ஒப்பந்தம். பேப்பரை நாலாக மடித்துக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்துவிட்டார். நூல்நிலையத்துப் பேப்பரைக் களவெடுப்பது பாவம்தான். மற்றத் தமிழரின் கண்ணில் அது படுவது அதைவிடப் பெரிய பாவம் என்று அவருக்குப் பட்டது.

அதன்பிறகு ஐந்து மாதம் மனிதன் தூங்கவில்லை. சாரதிகள் எல்லாருக்கும் குற்றம் எதுவுமில்லையென்று பொலிஸ் கடிதம் எடுத்தார். இன்சூரன்ஸைக் கூட்டினார். காருக்கு ஒன்றாகத் தீயணைக்கும் குப்பி வாங்கினார். முதலுதவி வகுப்புக்குப் போய், இரண்டு சனிக்கிழமை முழங்காலில் நின்று ஒரு ரப்பர் பொம்மையின் நெஞ்சை அமுக்கினார். கேட்ட எல்லாவற்றையும் எழுதி, கவரில் வைத்து ஒட்டியும் ஆயிற்று. இப்போது பார்த்தால் பொட்டு.

“இதை வாசியும்,” என்று அறிவுறுத்தல் தாளை மனைவிக்கு முன்னால் நீட்டினார். “பிரிவு ஏழு. கவருக்கு வெளியிலை அனுப்பினவரைக் காட்டிக்குடுக்கிற பேரோ குறியோ இருக்கக்கூடாது. இருந்தால் திறக்காமலே எறிஞ்சுபோடுவாங்களாம்.”

“இது குறியோ? சந்தனம்.”

“வெள்ளைக்காரனுக்கு இது குறிதான்! கண்டவுடனை தமிழன்ரை எண்டு தெரிஞ்சுபோம்.”

“தமிழன் எண்டுதானே தெரியும்? தில்லையம்பலம் எண்டு தெரியாதே.”

“இந்த வேலைக்குக் கேட்ட ஒரே தமிழன் நான்தானப்பா! ஈ காக்கைக்குத் தெரியாமல் செய்தனான். ஈரத்துணி ஒண்டு கொண்டுவாரும்.”

“அம்மன்ரை பொட்டை அழிக்கப்போறியளோ?” தவமலரின் கை அகப்பையோடு அப்படியே நின்றது. “நல்லாயிருக்கு. பிறகு கொன்ராக்ட் கிடைக்கேல்லையெண்டு என்னைக் குறைசொல்லக்கூடாது.”

துணியை அவரே எடுத்தார். சந்தனம் சொன்னபடி கேட்டது, குங்குமம் கேட்கவில்லை. தண்ணீர் பட்டதும் லேபிள் முழுக்கச் சிவந்து, பல் பிடுங்கியவனின் வாயிலிருந்து எடுத்த பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. காயவைக்கலாமென்று தவமலரின் தலைமயிர் காயவைக்கும் மெஷினைப் பிடித்தார். லேபிள் நாலு மூலையும் சுருண்டு எழும்பி, டெண்டர் இலக்கத்தின் பாதியோடு கழன்று மேசையில் விழுந்தது.

“இப்ப குறி இல்லை,” என்றாள் தவமலர். “இலக்கமும் இல்லை.”

தில்லையம்பலம் டெலிபோனை எடுத்தார். கவுன்சில் டெண்டர் பகுதியில் வயதான ஒரு பெண்குரல் பேசியது. லேபிள் பழுதாகிவிட்டது, இன்னொன்று வேண்டும் என்றார்.

“பதினொன்றரைக்குப் பிறகு நேரில் வந்து கையெழுத்து வைத்து எடுத்துக்கொள்ளலாம். உங்கள் பெயர்?”

பெயர்! தில்லையம்பலம் டெலிபோன் வாயைக் கையால் பொத்தினார். லேபிள் பழுதான ஆள் இன்னார் என்று தெரிந்தால் அதுவும் ஓர் அடையாளம் அல்லவா? பிரிவு ஏழு கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

“ஸ்மித்,” என்றார்.

மறுபக்கத்தில் பேனாவின் மூடி கழலும் சத்தம் கேட்டது. “எழுத்துக்கூட்டிச் சொல்ல முடியுமா?”

இந்த நாட்டுக்கு வந்து பன்னிரண்டு வருடமாக எழுத்துக்கூட்டாமல் அவர் எவரிடமும் தப்பியதில்லை. ஸ்மித் ஆகியும் தப்ப முடியவில்லை.

பழைய கவரைக் கத்தியால் கிழித்துத் தாள்களை வெளியே எடுத்தார். புதுக் கவருக்குள் வைக்குமுன் கடைசியாக ஒருமுறை பார்ப்போமென்று புரட்டியவர், நாலாம் பக்கத்தில் விறைத்துப்போனார். பக்கத்தின் மேலே ஒரு பெட்டி. ‘கடந்த மூன்று வருடங்களில் உங்கள் வாகனங்களுக்கு நேர்ந்த விபத்துகளின் எண்ணிக்கை.’ பெட்டிக்குள் பளிச்சென்று, இரண்டு.

“ஆர் இதுக்குள்ளை இரண்டு எண்டு எழுதினது? ஒரு கீறல்கூட விழாத கார்களப்பா!”

தவமலர் எட்டிப் பார்த்தாள். “அது இரண்டு இல்லை. பிள்ளையார் சுழி.”

“இதுவும் உம்மடை வேலையோ?”

“இஞ்சாருங்கோ, நான் கவர் மட்டும்தான். சுழி ஆற்றை கைவேலை எண்டு வடிவாப் பாருங்கோ.”

பார்த்தார். அவருடைய கையெழுத்துத்தான். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து எந்தத் தாள் எடுத்தாலும் உச்சியில் ‘உ’ போட்டுத்தான் தொடங்குவார். மற்றப் பக்கங்களில் உச்சியில் வெற்றிடம் இருந்ததால் சுழி அங்கே விழுந்திருந்தது. நாலாம் பக்கத்தில் உச்சியிலேயே பெட்டி இருந்தது. பிள்ளையார் அதற்குள் போய் இருந்துவிட்டார்.

சாரதி சூசைதாசனைக் கூப்பிட்டார். அவன் கந்தோரிலிருந்து, எழுத்தை மறைக்கப் பூசும் டிப்பெக்ஸ் குப்பியும் எடுத்துக்கொண்டு பத்தேமுக்காலுக்கு வந்து சேர்ந்தான். தவமலர் கிழிந்த கவரைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு பின் சீட்டில் ஏறினாள்.

“நீர் எங்கை?”

“பொட்டு வைச்ச கவரைக் குப்பைக்கை போடேலாது. வாற வழியிலை கோயிலிலை குடுத்திட்டு வரவேணும். நீங்கள் செய்த பாவத்துக்கு ஒரு தேங்காயும் உடைக்கவேணும்.”

அன்றைக்கென்று தெருவெல்லாம் வெட்டிப் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் தில்லையம்பலம் மணிக்கூட்டைப் பார்த்தார். பதினொன்று பத்து. பதினொன்று இருபது. மடியில் வைத்த தாளில் டிப்பெக்ஸைத் தொட்டுத் தொட்டுப் பூசினார்.

“ஏன் அண்ணை அழிக்கிறியள்?” என்றான் சூசைதாசன். “பக்கத்திலை ‘இது இரண்டு இல்லை, எங்கடை கடவுள்’ எண்டு எழுதிவிடலாமே.”

“நீ றோட்டைப் பார். உது கிடக்க, இந்த விஷயம் நீ ஒருத்தரிட்டையும் சொல்லேல்லைத்தானே?”

“சீச்சீ! மெற்றில்டாவைத் தவிர ஒரு குருவிக்கும் சொல்லேல்லை, அண்ணை.”

மெற்றில்டா அவனுடைய மனைவி. அதைப் பற்றி மேற்கொண்டு விசாரிக்கத் தில்லையம்பலத்துக்கு நேரமிருக்கவில்லை. பெட்டிக்குள் கவனமாக ஒரு பூச்சியம் போட்டு, வாயால் ஊதிக் காயவைத்துக்கொண்டிருந்தார். கவுன்சில் வளவுக்குள் கார் நுழைந்தது. சூசைதாசன் அவசரமாகப் பின்பக்கம் எடுத்தான். டமார் என்று ஒரு சத்தம். விளக்குக் கம்பம் அசையாமல் நின்றது; காரின் பம்பர் நிலத்தில் கிடந்தது.

மூன்று பேரும் நாலாம் பக்கத்தைப் பார்த்தார்கள்.

“அண்ணை,” என்றான் சூசைதாசன் மெல்ல, “மூண்டு வருஷத்துக்குள்ளை எண்டுதானே கேட்டிருக்கு. இப்ப நடந்ததும் அதுக்கை வருமோ?”

தில்லையம்பலம் பேனாவை எடுத்துப் பூச்சியத்துக்கு மேலே பிடித்தார். ஐந்து மாதப் பாடு. அந்த ரப்பர் பொம்மை. ஆணியில் தொங்கும் ஜக்கெற். “ஒண்டு எண்டு எழுதவோ, தவம்?” என்று கேட்டார். இருபது வருடத்தில் அவர் மனைவியிடம் ஆலோசனை கேட்டது அதுதான் முதல்தரம்.

“கம்பத்துக்கு உயிரில்லை,” என்று தவமலர் தீர்ப்புச் சொன்னாள். “விபத்தெண்டால் மற்றப் பக்கத்திலையும் ஒரு ஆள் வேணும். இறங்குங்கோ கெதியா!”

தாள்களைப் புதுக் கவருக்குள் வைத்து ஒட்டிக்கொண்டு டெண்டர் பகுதிக்கு ஓடியபோது பதினொன்று நாற்பத்தைந்து. அவருக்கு முன்னால் ஒரு கிழவர், தன் வீட்டு வாசலில் குப்பை எடுக்கவில்லையென்று மூன்று கிழமையின் வரலாற்றையும் சொல்லிக்கொண்டிருந்தார். ‘அது பக்கத்து யன்னல்’ என்று அவருக்கு விளங்கவைக்க ஐந்து நிமிடம் போனது. தில்லையம்பலத்தின் முறை வந்தது. யன்னலுக்கு அந்தப் பக்கத்தில், கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்ட வயதான வெள்ளைக்காரப் பெண்மணி ஒருத்தி.

“ஓ, மிஸ்டர் ஸ்மித்,” என்றாள், அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்து.

புத்தகத்தில் கையெழுத்து வைக்கச் சொன்னாள். பழக்கதோஷத்தில் பேனா ‘தி’ என்று தொடங்கிவிட்டது. நடுவழியில் வளைத்து, சுழித்து, ஒருமாதிரி ஸ்மித் ஆக்கினார். லேபிளை வாங்கினார். அவசரத்தில் அது பெருவிரலில் ஒட்டிக்கொண்டது. தவமலர் பின்னாலிருந்து வந்து, நகத்தால் பிரித்தெடுத்து, புதுக் கவரில் நேராக ஒட்டினாள். ஆயிரம் சண்டை இருந்தாலும் மனுசி மனுசிதான்.

பதினொன்று ஐம்பத்தெட்டு.

தில்லையம்பலம் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முன்பக்கம் சுத்தம். பின்பக்கம் சுத்தம். ஒரு புள்ளி இல்லை, ஒரு கறை இல்லை. இதைக் கண்டு, அனுப்பியவன் எந்த நாட்டானென்று ஒருவராலும் சொல்ல முடியாது. ‘அம்மாளாச்சி, பொட்டை அழிச்சதை மனசிலை வைச்சிருக்காதை,’ என்று உள்ளுக்குள் கும்பிட்டுக்கொண்டே யன்னலுக்குள்ளால் நீட்டினார்.

பெண்மணி கவரை வாங்கினாள். மேசைக்குப் பக்கத்திலிருந்த மரப்பெட்டியின் மூடியைத் திறந்தாள். உள்ளே போடப்போன கை பாதியில் நின்றது. கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். கவரின் முன்பக்கத்தைப் பார்த்தாள். பின்பக்கத்தைப் பார்த்தாள். பெட்டிக்குள் பார்த்தாள். மீண்டும் கவரைப் பார்த்தாள்.

“ஏதும் பிழையோ?” என்று தில்லையம்பலம் தமிழிலேயே கேட்டுவிட்டார்.

அவருடைய முகத்தைக் கண்டு அவளுக்குப் பாவமாக இருந்திருக்கவேண்டும். குரலைத் தாழ்த்திக்கொண்டு, யன்னலுக்குக் கிட்ட வந்தாள்.

“மற்றப் பதினொரு கவரிலும் நடுவில் மஞ்சளும் சிவப்புமாக ஒரு வட்ட முத்திரை இருக்கிறதே, மிஸ்டர் ஸ்மித். உங்களுடையதில் மட்டும் இல்லை. இதை இப்படியே போட்டால், பெட்டியைத் திறந்தவுடனே உங்களுடையது எது என்று எல்லோருக்கும் தெரிந்துபோகுமே!”