என்சியோவுக்கு விழுந்த பங்கு

குய்வாலம்பி,
அக்டோபர் மாதத்துக் கடைசி ஞாயிறு

அன்பு மகள் ரீக்காவுக்கு,

உன் சித்தப்பா கலெர்வோ எழுதுவது. இங்கே நானும் உன் சித்தி ஹில்க்காவும் நலம். உன் அப்பாவின் நாய் ஹல்லியும் நலம். என்னைவிட நன்றாகச் சாப்பிடுகிறது. ஹெல்சின்கியில் நீயும் உன் ஜன்னலோரத் தக்காளிச் செடிகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே மழை. அங்கேயும் மழைதான் என்று ரேடியோவில் சொன்னார்கள். இத்துடன் மரியாதைப் பகுதி முடிந்தது என்று வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

விஷயம் ஒன்றே ஒன்றுதான். உன் அப்பா எங்கள் வேட்டைக் குழுவுக்குக் குத்தகைக்கு விட்டிருந்த காடு இப்போது உன் பெயரில் இருக்கிறது. இந்த வருடத்தோடு குத்தகை முடிகிறது. அதைப் புதுப்பித்துத் தரச்சொல்லி உனக்கு ஒரு நல்ல கடிதம் எழுத வேண்டும் என்று குழு கூடி முடிவு செய்து, வேலையை என் தலையில் கட்டிவிட்டது. கையெழுத்துப் போட வேண்டிய தாளையும் ரைமோ என்னிடம் கொடுத்திருக்கிறான். உன் அப்பாவுக்குப் பிறகு ரைமோதான் குழுத் தலைவன். "நாலு வரி போதும், கலெர்வோ. சுத்தி வளைக்காத, பழைய கதை பேசாத" என்றான். இப்போதே நாலு வரி தாண்டிவிட்டது. போனில் கேட்டிருக்கலாமே என்று நீ நினைப்பாய். போனில் நான் "ம்" என்பேன், நீ "ம்" என்பாய், அப்புறம் மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிடுவோம். நம் குடும்பத்து ரத்தம் அப்படி.

வசந்த காலத்தில், அப்பாவை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும்போது, கல்லறை வாசலில் நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை. "இந்தத் துப்பாக்கிச் சத்தம் அப்பாவோட போகட்டும், சித்தப்பா" என்றாய். கோபமாகச் சொல்லவில்லை. நானும் "ம்" என்றேன். அந்த "ம்"முக்கு சம்மதம் என்று அர்த்தமா, காதில் விழுந்தது என்று அர்த்தமா என்று ரைமோ என்னைக் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருக்கிறான். உன் காடு எங்கள் எல்லைக்கு நட்டநடுவில் இருக்கிறது. அது போனால் மற்றதெல்லாம் துண்டு துண்டாகிவிடும். துண்டு நிலத்துக்குக் கடமான் சுட அனுமதி கிடைக்காது. குழு கலைய வேண்டியதுதான். ஆகவே, நாங்கள் எவ்வளவு ஒழுங்கான, பொறுப்பான மனிதர்கள் என்று உனக்குப் புரிய வைப்பதற்காக இந்த வருடத்து முதல் நாள் வேட்டையை அப்படியே எழுதுகிறேன்.

உன் அப்பா இருந்தவரை, விடிந்ததும் நெருப்பு மூட்டி எல்லாரும் காப்பி குடித்த பிறகு, தாடையால் ஒரு பக்கம் காட்டுவார். யாரைப் பார்த்துக் காட்டினாரோ அவன் அந்தப் பக்கம் போய் நிற்பான். அவ்வளவுதான் திட்டம். ரைமோ இந்த வருடம் எல்லார் போனிலும் ஒரு வரைபடத்தை ஏற்றிவிட்டான். அதில் ஒவ்வொருவரும் ஒரு புள்ளி. நான் பச்சைப் புள்ளி. கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போன பச்சைப் புள்ளி. கொஞ்ச நேரத்தில் கையிலிருந்த வயர்லெஸ் கத்தியது.

"கலெர்வோ, எங்க நிக்கிற?"

"நீ சொன்ன இடத்துலதான்."

"போன்ல பாத்தா ஏரிக்குள்ள நிக்கிற மாதிரி காட்டுதேப்பா."

"கொஞ்சம் ஈரமாத்தான் இருக்கு" என்றேன். பூட்ஸுக்குள் தண்ணீர் போனதைச் சொல்லவில்லை.

ஹல்லியை அவிழ்த்துவிட்டார்கள். கடமானைத் தேடிப் பிடித்து, நிறுத்தி வைத்துக் குரைக்க வேண்டியது அதன் வேலை. அது நேராக உன் அப்பா வழக்கமாக நிற்கும் அந்தப் பாறைக்கு ஓடி, அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. ரைமோ கூப்பிட்டான், விசில் அடித்தான், தொத்திறைச்சியை ஆட்டிக் காட்டினான். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாய் இல்லாமல் வேட்டை என்ன வேட்டை என்று நான் மேட்டுக்கு ஏறி, துப்பாக்கியை ஒரு பிர்ச் மரத்தில் சாய்த்துவிட்டு, பிளாஸ்க்கைத் திறந்து காப்பி ஊற்றினேன். நிமிர்ந்தால், எதிரே கடமான். கொம்புள்ள ஆண். குதிரையைவிட உயரம். நான் இரண்டு கையிலும் காப்பியோடு நிற்கிறேன். அதுவும் என்னைப் பார்க்கிறது, நானும் அதைப் பார்க்கிறேன். மகளே, நீ இறைச்சியை விட்டதை நான் ஒரு நாளும் கேலி செய்ததில்லை. அந்தக் கண்ணை அவ்வளவு பக்கத்தில் பார்த்தவன் யாரும் கேலி செய்ய மாட்டான். கடை இறைச்சியைத் தின்கிறவன் எதையும் பார்க்காமல் தின்கிறான். நாங்கள் பார்த்துவிட்டுத் தின்கிறோம். எது சரி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பார்ப்பது மரியாதை என்று உன் அப்பா சொல்வார். அது சொல்வதற்கு நன்றாக இருக்கிறது.

கடமான் மெதுவாகத் திரும்பிப் பிர்யோ நின்ற பக்கம் போயிற்று. நம் பள்ளிக்கூடத்துச் சமையல்காரி பிர்யோவை உனக்குத் தெரியும். ஒரே வெடி. அப்புறம் வயர்லெஸ்ஸில் அவள் குரல்: "விழுந்தாச்சு. கலெர்வோ, காப்பி மிச்சம் இருந்தா எடுத்துட்டு வா. அதையாவது உருப்படியா செய்."

தோலை உரித்து, தொங்கவிட்டு, ஒரு வாரம் கழித்து எல்லாரும் கொட்டகையில் கூடிக் கறியை வெட்டினோம். நீண்ட மேசையில் ஆளுக்கு ஒன்றாகக் குவியல்கள். எலும்பு, சதை, கொழுப்பு எல்லாம் கண்ணளவில் சமமாக. இங்கேதான் ரைமோ தராசை எடுத்தான். எடை போட்டு, எண் போட்டு, போனில் குலுக்கிப் பங்கு பிரிக்கப் போகிறானாம்.

பிர்யோ கத்தியைக் கீழே வைத்தாள். "ஏண்டா ரைமோ, என் கையால கஞ்சி வாங்கிக் குடிச்சவன்தானே நீ? அன்னிக்கு எடை போட்டா ஊத்தினேன்? அந்தச் சனியனை உள்ள வை."

"இல்லக்கா, காலம் மாறுது…"

"மாறட்டும். கலெர்வோ, நீ போய் சுவரைப் பாத்து நில்லு."

பெயர் கூப்பிடுவது எப்போதும் நான்தான். கனமான வேலை எதற்கும் நான் லாயக்கில்லை என்று உன் அப்பா கொடுத்த பதவி. நான் சுவரைப் பார்த்து முதுகைக் காட்டி நிற்பேன். ஒருவர் ஒரு குவியலைத் தொட்டு, "இது யாருக்கு?" என்று கேட்பார். நான் பார்க்காமல் ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். சுட்டவள், சேற்றில் நின்றவன், காப்பி குடித்தவன், எல்லாருக்கும் ஒரே பங்கு. எது யாருக்கு என்று யாரும் தேர்ந்தெடுக்கக் கூடாது. சொன்ன பெயரைத் திரும்ப வாங்கவும் கூடாது.

"இது யாருக்கு?"

"பிர்யோவுக்கு."

"இது?"

"ரைமோவுக்கு."

"இது யாருக்கு?"

"என்சியோவுக்கு."

நான் வேண்டுமென்று சொல்லவில்லை. பிர்யோ, ரைமோ, என்சியோ என்றுதான் என் வாய் இத்தனை வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறது. சொன்ன பிறகும் எனக்கு உறைக்கவில்லை. அடுத்த கேள்வி ஏன் வரவில்லை என்றுதான் நின்றேன். அப்புறம்தான் காதில் விழுந்தது, என் வாயிலிருந்து வந்த என் அண்ணன் பெயர். அடக்கத்தன்று எனக்கு அழுகை வரவில்லை, ரீக்கா. கல்லு மாதிரி நின்றேன், ஊரே பார்த்தது. கொட்டகையில் வந்துவிட்டது. சுவரைப் பார்த்து நிற்கிற வேலை எனக்கு வாய்த்ததற்கு அன்று கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

ரைமோதான் முதலில் வாயைத் திறந்தான். "தப்பாச் சொல்லிட்டான். மறுபடி கேளுக்கா."

"கூப்பிட்டது கூப்பிட்டதுதான்" என்றாள் பிர்யோ.

"செத்தவருக்குப் பங்காக்கா?"

"அவரு நிலத்துல விழுந்த மானுடா. அடுத்தது கேக்கிறேன். இது யாருக்கு?"

குவியல்கள் தீர்ந்தபோது ஒரே ஒரு பெயர் பாக்கி இருந்தது. என் பெயர். நான் திரும்பிப் பார்த்தால் மேசை காலி. வெறும் வாளியோடு வீட்டுக்கு வந்தேன். மறு கையில் இருந்த மூட்டை என் அண்ணனுடைய பங்கு.

உன் சித்தி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "கறி எங்கே?"

"என்சியோவுக்கு விழுந்தது."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உயிரோட இருந்தப்பவும் உங்க அண்ணன் சொன்னதுதான் சட்டம். போய்ச் சேந்த பிறகுமா?" என்றாள். ஆனால் மூட்டையை வாங்கி ஃப்ரீசரில் தனியாக, மேல் தட்டில் வைத்தாள். அன்றிலிருந்து அதன்மேல் கை வைக்கவில்லை. ஃப்ரீசரில் அருமையான தொடைக்கறி உறைந்து கிடக்க, நாங்கள் கடைப் பன்றியைத் தின்றுகொண்டிருக்கிறோம். உருளைக்கிழங்கையும் காட்டுப்பழ ஜாமையும் மேசையில் வைக்கும்போதெல்லாம் அவள் ஒரு பெருமூச்சு விடுகிறாள். அது எனக்குத்தான் என்று தெரியும்.

இப்போது சட்டப் பிரச்சினை. என்சியோவின் பங்கு அவர் வாரிசுக்குப் போக வேண்டும். வாரிசு நீ. நீ கறி தொட மாட்டாய். ஹல்லியும் வாரிசுதானே என்று ஒருவன் சொல்லப்போய், பிர்யோ அவனை அடிக்காத குறை. அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை, நிலம் கொடுத்தவர்களுக்கு நாங்கள் வழக்கமாகப் போடும் விருந்து வருகிறது. நிலம் கொடுத்தவர்களில் இந்த வருடம் உன் பெயரும் இருக்கிறது. ஒருவேளை நீ வந்தால் என்ன செய்வது என்று பிர்யோ கடமான் இல்லாத கடமான் சூப் ஒன்றைச் செய்து பழகிக்கொண்டிருக்கிறாள். இரண்டு தடவை எனக்கு ஊற்றிக் கொடுத்தாள். வெந்நீரில் கேரட். உப்பு போதுமா என்று கேட்டாள். போதும் என்றேன், அவள் கையில் கத்தி இருந்தது.

ஆகவே மகளே, இப்படிப்பட்ட ஒழுங்கான குழுவுக்கு நீ காட்டைக் குத்தகைக்குத் தர வேண்டும் என்று எல்லார் சார்பிலும் மரியாதையாகக் கேட்டுக்கொள்கிறேன். தாளில் கோடிட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டுத் தபாலில் அனுப்பினால் போதும். நீ மெனக்கெட்டு வர வேண்டியதில்லை.

உன் வீட்டில் சூடு குறையாமல் இருக்கட்டும், உன் செடிகள் காய்க்கட்டும், நீ நன்றாகத் தூங்கி எழ வேண்டும் என்று நானும் உன் சித்தியும் வேண்டிக்கொள்கிறோம்.

அன்புடன்,
சித்தப்பா கலெர்வோ

பின்குறிப்பு: மேலே எழுதியதை உன் சித்திக்குப் படித்துக் காட்டினேன். "அவ நல்ல பொண்ணு. நீங்க கேட்டா கையெழுத்துப் போட்டு அனுப்பிடுவா. அப்புறம் இந்த ஊருக்கு வர அவளுக்கு என்ன வேலை?" என்று கேட்டாள். அதனால் உறையைப் பிரித்துத் தாளை வெளியே எடுத்துவிட்டேன். அது என்னிடம்தான் இருக்கிறது. தருவதானாலும் மறுப்பதானாலும் நீ இங்கே வந்து என் முகத்தைப் பார்த்துச் சொல். மறுத்தாலும் பரவாயில்லை, சூப் உண்டு. ரைமோ போன் செய்தால் தாள் வரவில்லை என்று சொல்லிவிடு. அது பொய்யும் இல்லை.