தரைதட்டியின் ஸ்பிரிங்

கண்டியில் கார் வைத்திருப்பவர்களிலேயே காரை விட்டு இறங்கி அதிக தூரம் நடந்தவர் யார் என்று கேட்டால், யோசிக்காமல் சொல்வேன்: எங்கள் கந்தோர் கிளார்க் தரைதட்டி. அடுத்த இடம் எனக்கு. தினமும் வத்தேகமவிலிருந்து அவர் காரில் ஓசியில் போய் வருகிறவன் நான்தான்.

அது ஒரு பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். வருடா வருடம் நடக்கும் மலையேற்ற ரேஸில் ஒருமுறையாவது அதை ஓட்டிவிட வேண்டும் என்பது அவர் கனவு. அதற்காகவே காரைத் தரையோடு தரையாக இறக்கி வைத்திருந்தார்; பட்டப்பெயர் வந்ததும் அதனால்தான். பள்ளிக்கூட வாசலில் வேகத்தடை, அதாவது பம்ப், வந்தால் நிறுத்துவார்.

"எறங்குங்கண்ணே!"

இருவரும் இறங்குவோம். அவர் காரைச் சுற்றிச் சுற்றி நடந்து, குனிந்து அடியைப் பார்த்துவிட்டு, ஏறி அங்குலம் அங்குலமாக ஓட்டுவார். நான் நடந்துபோய் அந்தப் பக்கம் ஏறுவேன். பிள்ளைகள் கைதட்டுவார்கள்.

ஸ்பிரிங் வாங்க அக்குறணைக்குப் போவோம். இவரைக் கண்டதுமே கடைக்கார நானா தேத்தண்ணிக்குச் சொல்லிவிடுவார். எப்படியும் மூன்று மணி நேரம் ஆகும்.

"ஸ்பிரிங் மட்டும் நல்லாருந்தா போதுமா நானா? ஷொக் அப்சோபரோட ஒத்துப்போகணும். இறுகின ஸ்பிரிங்குக்கு இளகின ஷொக்கக் கட்டி வச்சா, காலம் பூரா துள்ளிக்கிட்டேதான் இருக்கும்!"

"தம்பி கலியாணம் முடிச்சிட்டீங்களா?" என்று கேட்டார் நானா.

"இன்னும் இல்ல."

"அதான் பாத்தேன்."

என் எடையும் அவர் கணக்கில் உண்டு. எண்பது கிலோ, முன்சீட்டில் இடப்பக்கம். ஒருநாள் நான் லீவு போட்டுவிட்டு மறுநாள் போனால், "நீங்க இல்லாம கார் வலது பக்கமா சாயுதுண்ணே" என்று சண்டைக்கு வந்தார்.

இந்த வருடம் ஒருவழியாக ரேஸுக்குப் பெயர் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை ரேஸ். அந்த வாரம் பார்த்து எனக்கு முதுகில் ஒப்பரேஷன். சனிக்கிழமை வீட்டுக்குப் போகலாம், ஆனால் ஒரு குலுக்கல்கூட ஆகாது என்றார் டாக்டர். கூட்டிப்போக தரைதட்டி வருகிறார் என்றதும் என் மனைவி அழுதேவிட்டாள்.

ஆஸ்பத்திரி வாசலில் வந்து பார்த்தால், கார் கால் முளைத்ததுபோல் உயர்ந்து நின்றது. முதல் நாள் லீவு போட்டு, பார்த்துப் பார்த்து வாங்கியதையெல்லாம் கழற்றிவிட்டு, காரோடு வந்த பழைய கம்பெனி ஸ்பிரிங்கையும் ஷொக்கையும் மாட்டியிருக்கிறார். இனி கழற்றியவற்றைத் திரும்பப் பூட்டிச் சரிபார்க்க ஒரு நாள் போதாது.

முதல் பம்பில் பழக்க தோஷத்தில், "எறங்கு..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டார். கார் மெத்தென்று ஏறி இறங்கியது.

"வலிச்சிச்சாண்ணே?"

"இல்லப்பா. நாளைக்கு ரேஸ்?"

"நீங்கதான் ஆஸ்பத்திரியில கெடந்து இளைச்சிட்டீங்களே. என் கணக்கெல்லாம் பிழையாப் போச்சு. அடுத்த வருஷம் பாப்போம்."

ரேஸில் அவர் தனியாகத்தான் ஓட்டுவார் என்பது எனக்குத் தெரியாதா? கண் கலங்கியதை அவர் பார்த்துவிடக் கூடாதென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

முதுகு தேறிவிட்டது. கார் மறுபடி தரையோடு தரை. பம்ப் வந்தால் அவர் சொல்லும் முன்பே இறங்கிவிடுகிறேன். வீட்டில் இரண்டு இடியப்பம் கூடுதலாகவே சாப்பிடுகிறேன். அடுத்த ரேஸுக்குள் எண்பது கிலோவுக்கு வந்துவிட வேண்டும். அந்த மனிதருக்கு என் பக்கத்தில் எந்தக் குறையும் இருக்கக் கூடாது.