இருபத்தைந்தாம் போர்ட்

"கண்ணு, மெயிலு வந்துதா?" என்று மறுபடியும் கேட்டார் மிளகு விவசாயிகள் சங்கத் தலைவர் பெருமாயி.

"இன்னும் இல்லீங்க," என்றாள் சங்கத்தின் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் யமுனா.

மலைமேல் செம்மேட்டுக் கிடங்கில் மிளகு மூட்டைகள் கூரையை முட்டிக்கொண்டு நின்றன. மொத்தத்தையும் எடுத்துக்கொள்வதாகக் கொச்சி கம்பெனி ஒன்று சொல்லி, லாரியையும் கிளப்பிவிட்டிருந்தது. ஆனால் எதுவானாலும் மெயிலில்தான் பேச்சு என்பது அவர்கள் சட்டம்; ஆர்டர் மெயில் வந்தால்தான் மூட்டை லாரியில் ஏறும்.

இன்றைக்குப் பார்த்தா மெயில் சர்வரை மாற்ற வேண்டும்! மலைமேல் இருந்த பழைய சர்வர் அடிக்கடி படுத்துக்கொண்டதால், மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டிக் கிளையில் புதிது வாங்கி வைத்திருந்தார்கள். பழையதன் இருபத்தைந்தாம் போர்ட்தான் மெயில் நுழையும் வாசல். அங்கே வருவதை அப்படியே கீழே திருப்பிவிட வேண்டும். "வெளியாளு எதுக்குங்க? இலவச மென்பொருள் இருக்குது, நானே பண்ணிர்றேன்" என்று கூட்டத்தில் மார்தட்டியவள் யமுனாவேதான்.

மென்பொருளை ஓட்டினாள். அந்த போர்ட்டில் ஏற்கெனவே ஆள் இருப்பதாகக் கம்ப்யூட்டர் சொன்னது. பழைய மெயில் நிரலை நிறுத்தினாள். வழி திறந்தது, ஆனால் கீழே இருந்த புதிய சர்வர் ஒன்றையும் உள்ளே விடவில்லை.

கிளையில் இருந்த அனஸுக்குப் போன் போட்டாள். "அனஸ், மேல இருந்து எது வந்தாலும் நம்பச் சொல்லிப் புது சர்வர்ல போட்டுருங்க."

"எது வந்தாலுமாக்கா?"

"நம்ம சர்வர்தானே அனுப்புது!"

கொஞ்ச நேரம் எல்லாம் ஒழுங்காக ஓடியது. பிறகு அனஸ் கூப்பிட்டான்.

"அக்கா, நம்ம சங்கத்துப் பேருல முடி வளர்ற மருந்து விளம்பரம் ஆயிரக்கணக்குல போகுதுங்க. வெளிநாட்டுக்கெல்லாம் போகுது!"

யமுனாவுக்கு அப்போதுதான் உறைத்தது. எவன் வந்து மலை வாசலைத் தட்டினாலும், கீழே இருக்கும் சர்வருக்கு அவன் சொந்தக்காரனாகத்தான் தெரிவான். ஊரிலுள்ள திருடனையெல்லாம் மாப்பிள்ளை மாதிரி உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தாள்.

"என்ன கண்ணு, மூஞ்சி வெளுத்துப்போச்சு?"

"ஒண்ணுமில்லீங்க."

கொச்சியை மட்டும் விடு, மற்றதைத் தடு என்று அவசரமாக ஒரு விதியை எழுதினாள். விளம்பரம் நிற்கவில்லை. ஏன் என்று பதிவுகளைத் திறந்து பார்த்தாள். பதற்றத்தில் விதியைத் தலைகீழாக எழுதியிருந்தாள். முடி மருந்துக்காரனுக்கு வாசல் திறந்தே கிடந்தது. கொச்சியிலிருந்து வந்த ஒவ்வொரு மெயிலும் அடித்துத் துரத்தப்பட்டிருந்தது.

அதைத் திருத்தப் போன நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று.

வெளியே லாரி ஹாரன் கேட்டது. டிரைவர் செங்கோடன் துண்டால் முகத்தைத் துடைத்தபடி உள்ளே வந்தார்.

"ஏனுங்க, மூட்டை ஏத்தலாங்களா?"

"மெயிலு வராம எப்படிங்க ஏத்தறது?" என்றார் பெருமாயி.

யமுனாவால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. கண்ணில் நீர் முட்டியது. "அவங்க அனுப்பிச்சாங்கம்மா. நாந்தான் தெரியாம எல்லாத்தையும் திருப்பித் துரத்திட்டேன். என்னாலதான் எல்லாம் போச்சு."

செங்கோடன் அவளை வியப்போடு பார்த்தார்.

"நீங்கதானுங்களா அது? சரக்கு வேண்டாம்னு சொல்லத்தான் மெயிலு மெயிலா அனுப்பினாங்களாம். அத்தனையும் திரும்பி வந்துருச்சு, லாரியும் மலையேறிருச்சு, இனி என்ன பண்றது, ஏத்திக்கிட்டே வந்துருன்னு இப்பத்தானுங்க எனக்குப் போன் பண்ணினாங்க!"