சிதம்பரதாணுவின் ளகரம்

மைக் கட்டிய ஆட்டோ ஆரியசாலையைக் கடந்து போனதும் சிதம்பரதாணு மிளகு மூட்டையிலிருந்து குதித்து எழுந்தார். சாலையைக் காப்பாற்றக் கூட்டமாம், அதை நம்பிப் பிழைக்கிறவர்கள் எல்லோரும் தம்பானூர் ஹாலுக்கு வரவேண்டுமாம். அவர் காதில் அப்படித்தான் விழுந்தது.

சாலை என்ற அந்தக் கடைவீதியை அகலப்படுத்தப் போகிறார்கள், எந்தக் கடையின் முகப்பு போகுமோ என்று அவருக்கு ஒரு வாரமாகத் தூக்கமில்லை. வீதியிலேயே பெரிய முகப்பு அவருடையது. ஹாலுக்குள் நுழைந்தவர் நேராக மைக்கைப் பிடித்தார்.

"மூணு தலைமுறையா சாலைதான் எங்களுக்குச் சோறு போடுது. சின்னதுன்னும் பாக்காம எல்லாத்தையும் வாரிக்கிட்டுப் போனா, நாளைக்கு நம்ம பிள்ளையளுக்கு என்னவே மிஞ்சும்?"

ஹால் அதிர்ந்தது. மேடையிலிருந்த அதிகாரி ஹரிகுமார் எழுந்து நின்று கை தட்டினார். பெருமை தாங்காமல் வந்து உட்கார்ந்தவரிடம், பக்கத்திலிருந்த ஜெபமலர் மரியாதையாக விசாரித்தாள்.

"அண்ணாச்சிக்கு வள்ளம் எந்தக் கடப்புறத்துல?"

வள்ளமா? மிளகு விற்கிறவருக்குக் கடற்கரையில் படகா? அப்போதுதான் அவர் மேடைத் திரையைப் பார்த்தார். வெள்ளி வெள்ளியாக மீன்கள் நீந்திக்கொண்டிருந்தன. சாளை மீன்! குஞ்சுகளைப் பிடிக்காமல் வளரவிட்டால் கடலும் பிழைக்கும், மீனவரும் பிழைப்பார் என்று பேச வந்த கூட்டம் அது. ஏகாதசியன்று வெங்காயத்தைக்கூட வாசல் தாண்ட விடாத மனிதர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தப்பைத் திருத்திவிட்டுப் போய்விடலாம் என்று மறுபடி மைக்குக்கு ஓடினார். ஆனால் அவர் நாக்குக்கு லகரமும் ளகரமும் ஒன்றுதான்.

"நான் சொன்னது சாலை இல்ல. சாலை!"

உணர்ச்சி மிகுதியில் இரண்டு தடவை சொல்கிறார் என்று கூட்டமும் சேர்ந்து "சாளை, சாளை" என்று கோஷம் போட்டது. சிதம்பரதாணுவுக்கு அழுகையே வந்துவிட்டது. தான் பிறந்ததிலிருந்து மீனைத் தொட்டதே இல்லை என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

மீன்துறை அதிகாரியான ஹரிகுமார் அவரிடம் ஓடி வந்தார். "கேட்டோ, குஞ்சு வளரட்டும்னு மீனே தொடாத மனுஷன்" என்று சொல்லிச் சால்வையைப் போர்த்தினார். சாளைப் பாதுகாப்புக் கமிட்டித் தலைவர் பதவியும், முழுசாக வளர்ந்த சாளை ஒரு கூடையும் சேர்ந்து வந்தன. வீட்டில் கொண்டுவிட அதிகாரியின் ஜீப்பையும் கொடுத்து அனுப்பினார்கள்.

கூடையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்தபடி, டிரைவர் தாசையனிடம் நடந்ததையெல்லாம் கொட்டினார் சிதம்பரதாணு. மானம் போனாலும் போகட்டும், ரோட்டுக்காரர்கள் கூட்டம் போடும்போது போய்ப் பேசி முகப்பையாவது காப்பாற்றிவிடுவேன் என்றார்.

தாசையன் சிரித்தான். "இதுக்குப் போய் வெக்கப்படுதியளே அண்ணாச்சி. காலையில நானே எங்க ஹரிகுமார் சாரை, சாளை மீட்டிங்குன்னு ரோட்டுக்காரங்க சாலை மீட்டிங்குல கொண்டு விட்டுட்டேன். 'சின்னதைத் தொடாதீங்க, பெருசா வளந்ததை மட்டும் எடுங்க'ன்னு சார் பேசினாரு. அதையே கடை முகப்புக்குத் தீர்மானமா போட்டுட்டாங்க."