படுக்கையறையிலிருந்து ஒரு பொதுக்கூட்டம்

அந்தச் சனிக்கிழமை மீன் பிடிக்கப் போயே தீருவது என்று லியோனார்ட் முடிவு கட்டிவிட்டார். வானம் இடிந்து விழட்டும். ஜொகூர் முழுக்க வெள்ளம் வரட்டும். பேட்ரிசியாவே குறுக்கே வந்து நிற்கட்டும். போயே தீருவது. (பேட்ரிசியா குறுக்கே நிற்பதை நினைத்ததும் முடிவு கொஞ்சம் ஆட்டம் கண்டது. அது வேறு விஷயம்.)

பேட்ரிசியா அவருடைய மனைவி. மூன்று கிறிஸ்மஸாக அவள் கேட்டு வருவது ஒன்றே ஒன்றுதான். வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும். வாங்கிய பெயிண்ட் டின்கள் மாடிப்படிக்கு அடியில் கிடந்து வயசாகிக்கொண்டிருந்தன. முன் சுவர் உரிந்து உரிந்து, வருகிற விருந்தாளி எல்லாம் இது எந்த நாட்டு மேப் என்று கேட்கும் நிலைக்கு வந்துவிட்டது. அவள் வாயெடுத்தாலே லியோனார்டிடம் ஒரே பதில்தான்.

"இந்த வாரம் மீட்டிங் இருக்கே, பேட்!"

மீட்டிங் பொய்யில்லை. லியோனார்ட், பாசிர் கூடாங் பக்கம் தாமான் மெலூர் இண்டாவின் குடியிருப்போர் குழு உறுப்பினர். சாக்கடை, தெருவிளக்கு, குப்பைத்தொட்டி எல்லாம் அவர்கள் கையில். தொழிற்சாலையில் அவரை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. தாமானில், அதாவது அந்தக் குடியிருப்பில், கால் வைத்தால் "மெம்பர் வர்றாரு" என்பார்கள். காலைச் சந்தையில் மீன்காரன் அவருக்கு மட்டும் தனியாக நண்டு எடுத்து வைப்பான். அந்தப் பதவி போனால் லியோனார்ட் வெறும் லியோனார்ட்.

வீட்டிலிருந்தே வீடியோவில் கூட்டத்தில் கலந்துகொள்ளலாம் என்ற யோசனையும் அவருடையதுதான். குழுத் தலைவர் சபாபதி, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். விதி என்றால் உயிரை விடுகிற மனுஷன்.

"இது பொதுக்கூட்டம், லியோனார்ட். ஜனங்க வந்து பார்க்கணும், கேட்கணும். நீங்க வீட்டுல கதவைச் சாத்திக்கிட்டா அது எப்படிப் பொதுக்கூட்டம் ஆகும்? அதுக்கும் விதி எழுதிக் கொடுங்க."

லியோனார்டுக்குக் கை சும்மா இருக்குமா? எழுதித் தள்ளினார். உறுப்பினர் எங்கே உட்கார்ந்து பேசுகிறாரோ அந்த இடமும் கூட்ட மண்டபமே. அந்த வீட்டு கேட்டில் அறிவிப்பு ஒட்ட வேண்டும். குடியிருப்பாளர் யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம், உட்காரலாம், கேள்வி கேட்கலாம். சொன்ன இடத்தில் உறுப்பினர் இல்லையென்றால் அந்த நிமிஷமே பதவி காலி. வாசித்து முடித்ததும் கைதட்டல். லியோனார்ட் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். பொதுமக்களாவது, வருவதாவது! இத்தனை வருஷத்தில் கூட்டம் பார்க்க வந்த ஒரே ஜீவன் ஒரு பழுப்புப் பூனை. அதுவும் ஏர்கோன் குளிருக்காக வந்தது.

ஆக, திட்டம் தயார். பேட்ரிசியாவிடம், "சனிக்கிழமை தாமான் ஹால்ல மீட்டிங். சாயங்காலம் ஆகும்லா." தலைவரிடம், "கால்ல சுளுக்கு சார். பெட்ரூம்ல இருந்தே சேர்ந்துக்கிறேன்." ஆனால் ஆள் இருக்கப்போவது பாலோவில். அங்கே செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே அவர் சிநேகிதன் அர்ச்சுனனுக்கு ஒரு மீன் குளம். படுக்கையறையை முன்கூட்டியே போட்டோ எடுத்து, வீடியோவில் தன் முதுகுக்குப் பின்னால் தெரியும்படி போனில் ஏற்றி வைத்துக்கொண்டார். கட்டில், அலமாரி, சுவரில் மாதா படம், எல்லாம் அச்சு அசலாக இருந்தது.

கேட்டில் ஒட்ட வேண்டிய அறிவிப்பை மடித்து மீன் இரை டப்பாவுக்குள் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பாலோவில் குளத்தங்கரை. குடை, நாற்காலி, தூண்டில், ஒரு பொட்டலம் நாசி லெமாக் சோறு. சொர்க்கத்துக்கு வேறு என்ன வேண்டும்? கூட்டம் ஆரம்பித்தது. லியோனார்ட் கால் வலிக்குத் தகுந்த மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டார். சாக்கடை விவகாரம் பாதி போய்க்கொண்டிருந்தபோது தூண்டில் சரசரவென்று இழுத்தது.

"மெம்பர், உங்க அலமாரிக்குள்ள இருந்து ஒரு குச்சி வருதே?" என்றார் சபாபதி.

"அது... கைத்தடி சார். கால் வலிக்கு."

"வளையுதே?"

"பிரம்பு சார்."

"டேய், விடாத! பெரிய பாத்தின் மீன்டா!" என்று பின்னாலிருந்து அர்ச்சுனன் கத்தினான்.

"யாரு அது?"

"பக்கத்து வீட்டு டிவி சார். மீன் புரோகிராம்."

சபாபதி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். நல்ல மனுஷன், நம்பிவிட்டார். லியோனார்ட் பெருமூச்சு விட்டார். விட்ட மூச்சு முழுசாக வெளியே வரவில்லை, திரையில் இன்னொரு கட்டம் முளைத்தது. அதற்குள்ளே பேட்ரிசியா.

ஞாயிறு பூசைக்குப் போகிற சேலை. தலையில் பூ. பின்னால் அவர் வீட்டு ஹால். ஹால் நிறைய ஜனம்! அடுத்த வீட்டுக் கருப்பாயி அக்கா முன்வரிசையில் உட்கார்ந்து முறுக்கு கடித்துக்கொண்டிருந்தாள்.

"வணக்கம் தலைவரே. நாங்க மெம்பர் வீட்டுல இருந்து பேசுறோம். பொதுமக்கள்."

"வாங்கம்மா, வாங்க!" சபாபதிக்குக் குரல் தழுதழுத்தது. வாழ்க்கையில் முதல்முறையாகப் பூனையல்லாத பொதுமக்களைப் பார்க்கிறார். "லியோனார்ட், உங்க கேட்ல அறிவிப்பு இல்லையேன்னு காலையில நானே வந்து ஒட்டினேன். உங்க மிசஸ்தான் பசை கொடுத்தாங்க. கால் சுளுக்குன்னு நான் சொல்லித்தான் அவங்களுக்கே தெரியும் போல. வீட்டுல சொல்லாம வலியைத் தாங்கியிருக்கீங்களே, மெம்பர்!"

அலமாக்! லியோனார்டின் கையிலிருந்த நாசி லெமாக் அப்படியே குளத்தில் விழுந்தது.

"தலைவரே," என்றாள் பேட்ரிசியா, தேன் ஒழுக. "மெம்பரு உள்ளதான் இருக்காரு. வலியில இருக்கிற மனுஷனைத் தொந்தரவு பண்ண வேணாமேன்னு நாங்க ஹால்ல உட்கார்ந்துட்டோம். ஆனா விதிப்படி அவரு இருக்கிற ரூமுக்குள்ள போலாம்தானே?"

"தாராளமா போலாம்மா. அவரே எழுதின விதி."

பேட்ரிசியா எழுந்தாள். போனைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். திரையில் இப்போது படுக்கையறைக் கதவு. கதவுப் பிடியில் அவள் கை, வளையலோடு.

"வேணாம்!" லியோனார்ட் அலறியதில் ஒரு கொக்கு பறந்தது.

"ஏன் மெம்பர்?" என்றார் சபாபதி.

"நான்... சாரத்தோட இருக்கேன் சார்."

"அதுவும் சரிதான்," என்றாள் பேட்ரிசியா. கை மட்டும் பிடியை விட்டு நகரவில்லை. "அப்ப வெளியில நின்னே கேட்கிறேன். இந்த வீட்டு முன் சுவரு தாமானுக்கே அசிங்கமா இருக்கு. மெம்பரு கிறிஸ்மஸுக்குள்ள தன் கையால பெயிண்ட் அடிப்பாரா, மாட்டாரா?"

"பேட், இதெல்லாம் நம்ம வீட்டு விஷயம்..."

கதவுப் பிடி கிர்ரென்று கொஞ்சம் திரும்பியது.

"அடிக்கிறேன்! அடிக்கிறேன்!"

"குறிச்சுக்குங்க தலைவரே. கத்தரிக்காய் கலரு."

"கத்தரிக்காயா? முழு வீடுமா?"

கிர்ர்.

"முழு வீடும்! கூரை ஓட்டுக்கும் சேர்த்து!"

ஹாலில் கைதட்டல். கருப்பாயி அக்கா விசில் அடித்தாள்.

"இன்னொரு கேள்வி. எங்க அண்ணன் கென்னத் குடும்பம் சிங்கப்பூர்ல இருந்து வருது. கிறிஸ்மஸ் வாரம் முழுக்க நம்ம ஏர்கோன் ரூம்ல தங்கலாமா?"

லியோனார்டுக்கு உலகத்தில் யாரையும் பிடிக்காமல் போனதில்லை, கென்னத்தைத் தவிர. வந்தால் சிங்கப்பூர்ப் பாலத்து ஜாமைப் பற்றி ஒரு நாள் முழுக்கப் பேசுவான். வரும்போது எத்தனை மணி நேரம், போகும்போது எத்தனை மணி நேரம், எந்த லேன் நகர்ந்தது, எந்த லேன் நகரவில்லை. அர்ச்சுனன் பக்கத்தில் வந்து, "ஒத்துக்காதடா" என்று காதைக் கடித்தான்.

கிர்ர்ர்ர்.

"தங்கலாம்," என்றார் லியோனார்ட். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"கடைசியா ஒண்ணு தலைவரே. சுளுக்கு லேசான விஷயமில்ல. காலு குணமாகிற வரைக்கும் மெம்பரு வீட்டை விட்டு வெளிய கால் வைக்கக் கூடாதுன்னு குழு சொல்லணும். நான் சொன்னா கேட்க மாட்டாரு."

சபாபதி நெகிழ்ந்துபோனார். "இப்படி ஒரு சம்சாரம் கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும்லா, லியோனார்ட். ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க."

எல்லோரும் தூக்கினார்கள். லியோனார்டும் தூக்கினார். தூக்கிய கையில் தூண்டில் இருந்தது. நல்லவேளை, அதற்குள் தலைவர் கூட்டத்தை முடித்துவிட்டார்.

வெயில் தாழும்போது லியோனார்ட் தாமானுக்குள் பதுங்கிப் பதுங்கி நுழைந்தார். காரைக் கோயில் பக்கம் ஒளித்துவிட்டு, யாரும் பார்த்துவிடக் கூடாதென்று தலையில் துண்டு, கையில் மீன். கேட் பூட்டியிருந்தது. உள்ளே பேட்ரிசியாவும் கருப்பாயி அக்காவும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"பேட், கேட்டைத் திற."

"யாருங்க நீங்க?"

"விளையாடாத. நான்தான்!"

"நான்தான்னா? எங்க வீட்டுக்காரரு ரூம்ல படுத்திருக்காரு. காலையில இருந்து வெளிய வரவே இல்ல. தீர்மானமே போட்டாச்சு."

"நான் சாட்சி," என்றாள் கருப்பாயி அக்கா. "நானும் கை தூக்கினேன்."

"பேட்... பெரிய பாத்தின். உனக்குத்தான் கொண்டு வந்தேன்."

பேட்ரிசியா எழுந்து வந்தாள். மீனைக் கம்பி இடுக்கில் வாங்கி, கண்ணைப் பார்த்தாள், செவுளைத் தூக்கிப் பார்த்தாள். திருப்தி. உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் மீன் இல்லை, ஒரு டின்னும் பிரஷும் இருந்தன. இரண்டும் கேட்டுக்கு மேலாக இறங்கின.

"பெயிண்டர் வருவாருன்னு எங்க வீட்டுக்காரரு சொல்லியிருந்தாரு. நீங்கதானா அது? வெளிச் சுவத்துல இருந்து ஆரம்பிங்க. அதை முடிச்சா உள்ள விடுறதைப் பத்தி யோசிப்போம்."

லியோனார்டுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே பிரஷை முக்கினார். மூன்று கிறிஸ்மஸாகத் தப்பிய சுவர் கத்தரிக்காயாக மாற ஆரம்பித்தது. உள்ளேயிருந்து மீன் குழம்பு வாசனை வேறு வந்து உயிரை வாங்கியது.

அப்போது பின்னால் செருப்புச் சத்தம். சபாபதி மாலை நடைக்குக் கிளம்பியிருந்தார். கையில் ஒரு தைல பாட்டில். கேட் பக்கம் நின்றார். துண்டு கட்டிய தலையை உற்று உற்றுப் பார்த்தார்.

"ஏம்ப்பா... நம்ம லியோனார்ட் மாதிரி இருக்கே?"

கேட்டுக்குள்ளே பேட்ரிசியா தேத்தண்ணிக் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஆவலோடு பார்த்தாள். லியோனார்ட் துண்டை இன்னும் கொஞ்சம் முகத்துக்கு இறக்கிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடியே சொன்னார்:

"இல்லீங்க சார். அவரு உள்ள படுத்திருக்காரு."