மக்க மறுத்த கதவு

வீடு கட்டுவோரின் நலனையும் பூமியின் நலனையும் ஒருசேரக் கருதி, அந்தப் பேரூராட்சி பசுமை இல்லத் திட்டத்தைக் கொண்டுவந்தது. எந்தப் பேரூராட்சி என்று சொல்வதற்கில்லை. தென்காசியைச் சுற்றி நாலைந்து உண்டு. ஒன்றைச் சொன்னால் மற்றவை வருத்தப்படும்.

விதி எளிமையானது. புது வீட்டில் ஒரு பொருளாவது மறுசுழற்சி செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். இருந்தால் பணி நிறைவுச் சான்று. சான்று இருந்தால் கரண்டு.

முகம்மது சலீமுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சவூதியில், தம்மாமில் இருபது வருஷம் ஏசி மாட்டிவிட்டு ஊர் திரும்பியவர். இடித்த பழைய வீட்டின் தேக்குக் கதவைத்தான் புது வீட்டு வாசலுக்கும் மாட்டியிருந்தார். வாடகை வீட்டை மாசக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும். கரண்டு வந்துவிட்டால் குடிபோய்விடலாம்.

பேரூராட்சி அலுவலகத்தில் சான்று கொடுக்கும் ஆதித்தன் சார் படிவத்தை எடுத்தார்.

“மறுசுழற்சிப் பொருள்?”

“வாசக்கதவு சார். பழசு.”

“கெட்டுப்போச்சா?”

“கல்லு மாதிரி இருக்கு.”

“நல்லா இருந்தா அது கழிவில்ல பாய். கழிவே ஆகாத பொருள எப்படி மறுசுழற்சி பண்ண முடியும்?”

“அப்போ புதுசுன்னு எழுதிக்கிடுங்க.”

“புதுசுன்னா பில்லு?”

“எங்க வாப்பா அறுவத்தெட்டுல செஞ்சது.”

“அப்போ பழசு.”

சலீம் யோசித்துப் பார்த்தார். சார் சொன்னதில் எங்கேயும் ஓட்டை இல்லை.

“என்ன செய்யணும் சார்?”

“குப்ப வண்டியில போடுங்க. முறைப்படி கழிவாயிரும். பெறகு முறைப்படி திரும்ப வாங்கிக்கிடலாம்.”

மறுநாள் காலை நாலு பேர் கதவைக் கழற்றி வண்டியில் ஏற்றினார்கள். வண்டியோடு வந்த உலகம்மை கேட்டாள்: “மக்குற குப்பையா, மக்காத குப்பையா?”

“கதவும்மா.”

“மரந்தான? மக்கும்.” பச்சைப் பக்கம் தள்ளினாள்.

கதவு உரக்குழிக்குப் போனது. உரக்குழியின் காலம் நாற்பத்தைந்து நாள். நடுவில் எடுக்க விதியில் இடமில்லை.

மாசம் முடிந்தது. கதவும் இல்லாமல் கரண்டும் இல்லாமல் குடிபோனார்கள். சாரல் நேராக நடுவீட்டுக்குள் விழுந்தது. பெட்ஷீட்டைக் கட்டித் தொங்கவிட்டார்கள். குற்றாலத்துக் குரங்குகளுக்கு யாரோ தகவல் கொடுத்திருக்க வேண்டும்.

“ஏங்க,” என்றாள் மனைவி நஸீபா, அடுப்படியிலிருந்து. “உங்க பசுமைத் திட்டம் உள்ள வந்து உக்காந்து வாழப்பழம் திங்குது. வெரட்டவா, இல்ல அதுக்கும் சார்கிட்ட மனு குடுக்கணுமா?”

நாற்பத்தாறாம் நாள் கதவு வரவில்லை, கடிதம் வந்தது.

‘மேற்படி கதவுக்கு உரக்குழியில் முழு வாய்ப்பு அளிக்கப்பட்டும் அது மக்கவில்லை. மக்காமைக்கான விளக்கத்தை ஏழு நாட்களுக்குள் உரிமையாளர் சமர்ப்பிக்க வேண்டும். தவறினால் மேல் நடவடிக்கை எடுக்கப்படும்.’

சலீம் ஒரே வார்த்தையில் விளக்கம் எழுதிக்கொண்டு போனார்: தேக்கு.

“இது போதாது பாய். வருத்தம் தெரிவிக்கணும்லா.”

சலீம் அங்கேயே உட்கார்ந்து எழுதினார்: ‘எனது கதவு மக்காமல் போனதற்கு வருந்துகிறேன். இனி இவ்வாறு நடவாது.’

ஆதித்தன் சாரின் முகம் மலர்ந்தது. “அவ்வளவுதான்! மக்கலைன்னா அது மக்காத குப்ப. மக்காத குப்பன்னா மறுசுழற்சிக்குத் தகுதி. பிளாஸ்டிக் வகையில சேத்துட்டேன்.”

சான்று கிடைத்தது. அந்த வாரமே கரண்டு வந்தது. கதவும் வந்தது, அங்கங்கே கருத்து, திட்டுத் திட்டாகப் பாசி நிறம் ஏறி. நஸீபா மூன்று தடவை கழுவினாள். வாடை போயிற்று, கறை போகவில்லை.

பேரூராட்சி அந்த வீட்டை ‘மாதிரி இல்லம்’ என்று அறிவித்தது. ஆலங்குளத்திலிருந்து ஜஸ்டின் என்கிற இன்ஜினியர் காரில் வந்து, கதவைத் தடவித் தடவிப் படம் எடுத்தார். “இந்த டெக்ஸ்சருக்குத்தான் சார் பார்ட்டிங்க எல்லாம் அலையுதாங்க,” என்றார். ஒரே வாரத்தில் அதற்கு ‘உரக்குழி ஃபினிஷ்’ என்று பெயர் வந்துவிட்டது. படம் ஊரெல்லாம் போனில் சுற்றியது.

அடுத்த திங்கட்கிழமை, எதிர்வீட்டுப் பேச்சிமுத்து தன் வாசக்கதவைக் கழற்றிக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். போன பொங்கலுக்கு மாட்டிய கதவு, பாலிஷ் மின்னியது. பின்னால் இன்னும் ஆறு வீட்டுக் கதவுகள் வரிசையில் சாய்ந்து நின்றன.

“என்னவே, உமக்குத்தான் சர்டிபிகேட்டு, கரண்டு எல்லாம் இருக்கே?” என்றார் சலீம்.

“இருந்து என்ன பாய்? எவன் வந்து போட்டோ எடுக்கான்?”

தெருவில் ஏழு வாசல்கள் வெறிச்சென்று திறந்து கிடந்தன. மதில்மேல் குரங்குகள் பொறுமையாகக் காத்திருந்தன.

சலீம் சிரித்திருக்க வேண்டும். சிரிக்கவில்லை. கிட்டே போய்ப் பேச்சிமுத்துவின் கதவை விரலால் தட்டிப் பார்த்தார், விளிம்பைத் தடவினார், ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாட்டில் பார்த்தார்.

“பாலிஷோட போட்டா கறை பிடிக்காதுவே. மொதல்ல உப்புத்தாள் போட்டுத் தேயும்,” என்றார். “மேலாப்புல போட விடாதீரும், வாழமட்டைக்கு அடியில போடச் சொல்லும். அவசரப்பட்டு எடுத்திராதீரும், என்ன? நாப்பத்தஞ்சு பத்தாது, அறுவது நாள் ஊறுனாத்தான் நெறம் நிக்கும்.”